உபகாரச் சம்பளமும் ஓய்வூதியமும்

(திருநெல்வேலியிற் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்களில் நம் சங்கக் காரியதரிசி அவர்கள் எம் இல்லத்திற்கு எழுந்தருளி, "இம்முறை இலக்கியம் வேண்டா, நம் குடும்பங்கட்கு நேரே பயன்படுவதொன்றைப் பேசுங்கள்" என்று பணித்தார்கள். தமிழ் கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட யாம் இலக்கியத்தை விட்டு வேறு யாது பேசுவது என்று மயங்கியிருந்தேம். அவ்வமயம் நம்மவருள் ஒரு பெரியவர், அரசுப் பணியினின்று அணிமையில் ஓய்வு பெறுபவர், எம்மை வழியிற் கண்டு ஒரு வினா விடுத்தார். "தம்பி, முப்பத்திரண்டு ஆண்டு உழைத்தேன். முதல் முப்பத்தொரு ஆண்டையும் பாராமல், கடைசிப் பத்து மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து என் பென்ஷனை அளக்கிறார்களாம். இஃது என்ன நியாயம்?" என்பதே அவ்வினா.

அவ்வினாவுக்கு விடை கூறுதலே இன்றைய எம் சொற்பொழிவாகும். யாம் கணக்கரல்லேம், சட்டம் பயின்றவருமல்லேம். ஆயினும் ஓய்வூதியத்தால் வளர்ந்த குடும்பத்திற் பிறந்தவர் என்னும் உரிமையாலும், விதிகளைப் பொறுமையுடன் பயின்ற பழக்கத்தாலும் சில கூறத் துணிகின்றேம். பொறுத்தருள்க.

முதற்கண் சொல்லினின்றே தொடங்குவோம். பண்டிதர்க்கு அதுவே எளிய வழி. பென்ஷன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் முன்னோர் வழங்கிய தமிழ்ப்பெயர் "உபகாரச் சம்பளம்" என்பது. நம் பாட்டன்மார் எழுதிய கடிதங்களிலும் பத்திரங்களிலும் இப்பெயரைக் காணலாம். பிற்காலத்தில் "ஓய்வூதியம்" என்னும் சொல் வழக்குப் பெற்றது. இரண்டும் ஒரே பணத்தைக் குறிப்பினும் இரண்டன் கருத்தும் ஒன்றன்று. உபகாரம் என்பது ஒருவர் மனமிரங்கிச் செய்வது. செய்தால் நன்றி கூறலாம். செய்யாவிடின் வழக்குரைத்தல் ஆகாது. குறைத்துச் செய்தாலும் ஏனென்று கேட்டல் முறையன்று. ஊதியமோ, உழைப்பின் பயனாக வருவது. அது குறைந்தால் கேட்கலாம், கேட்டல் கடமையுமாம். இவ்வொரு வேறுபாட்டை உள்ளத்திற் கொண்டோமாயின் இன்று பேசுவன யாவும் எளிதில் விளங்கும்.

பணிக்குப் பின்னும் பேணுதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. போரிற் பட்ட வீரனுடைய குடும்பத்தார்க்கு நிலம் விடுத்த செய்தியைக் கல்வெட்டுகளிற் காண்கின்றோம். அந்நிலத்திற்கு "உதிரப்பட்டி" என்று பெயர். ஆயினும் அவை யாவும் வேந்தன் அருளால் வந்தவை. அருள் மாறின் அவையும் மாறும். ஆங்கிலேயர் இந்நாட்டை ஆண்ட காலத்தில் இயற்றிய 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டமும், ஓய்வூதியத்தைப் பற்றிய வழக்கை உரிமையியல் நீதிமன்றங்கள் ஏற்றலாகாது என்றே விதித்தது. கொடுப்பவன் கை மேலாகவும் வாங்குபவன் கை கீழாகவும் இருந்த காலம் அது. உபகாரச் சம்பளம் என்னும் பெயர் அக்காலத்திற்குப் பொருத்தமானதே.

நாடு விடுதலை பெற்று, அரசியலமைப்பு ஏற்பட்ட பின்னரே இந்நிலை மாறியது. 1971ஆம் ஆண்டில், பீகார் மாநிலத்து அலுவலர் தேவகிநந்தன் பிரசாத் என்பவர் வழக்கில், ஓய்வூதியம் அரசு விரும்பியபடி தருவதோ மறுப்பதோ அன்று, அஃது அலுவலர்க்குரிய சொத்து என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 1982ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17ஆம் நாள் டி. எஸ். நகாரா என்பார் வழக்கிற் பிறந்த தீர்ப்பு இதனினும் புகழ்பெற்றது. ஐந்து நீதிபதிகள் கூடிய அவ்வாயத்தின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி தேசாய் அவர்கள். ஓய்வூதியம் என்பது கடந்தகால உழைப்பிற்குரிய பயன், முதுமையில் மானத்தோடு வாழ்தற்குரிய உறுதி, அரசின் இரக்கத்தால் வருவதன்று என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. திசம்பர் 17ஆம் நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுவது இதனாலேயே.

அந்த நகாரா வழக்கு எதன்பொருட்டு எழுந்தது என்பதை நோக்கினால், நம் பெரியவர் வினாவிற்கே வந்து சேர்வோம். மத்திய அரசில் 1979க்கு முன்னர் ஓய்வூதியத்தை அளக்கும்பொழுது கடைசி 36 மாதங்களின் சராசரி ஊதியத்தையே அடிப்படையாகக் கொண்டனர். 1979ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனைத் திருத்தி, கடைசி 10 மாதங்களின் சராசரியைக் கொள்ளலாயினர். கணக்கிடும் வீதத்தையும் உயர்த்தினர். ஆனால் 1979 மார்ச்சு 31க்கு முன் ஓய்வு பெற்றவர்க்கு இந்நன்மை இல்லையென்று ஒரு கோடு கிழித்தனர். ஒரு நாள் முந்தி ஓய்வு பெற்றவர் பழைய அளவையிலும், ஒரு நாள் பிந்தி ஓய்வு பெற்றவர் புதிய அளவையிலும் வாழ்நாள் முழுதும் பெறுவதா என்பதே வழக்கு. அக்கோடு செல்லாது என்பது தீர்ப்பு. ஆகவே பெரியவர் குறைகூறிய அந்தப் பத்து மாதக் கணக்கு, உண்மையில் ஓய்வு பெறுவோர்க்கு நன்மையாக வந்ததேயாகும்.

இஃது எங்ஙனம் நன்மையாகும்? ஊதியம் ஆண்டுதோறும் ஏறிச் செல்வது. ஏறிச் செல்லும் ஒன்றற்குச் சராசரி காணும்பொழுது, எத்துணைக் காலம் பின்னோக்கிச் செல்கின்றோமோ அத்துணையளவு சராசரி தாழும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவேம். பேனா வைத்திருப்போர் குறித்துக்கொள்ளலாம்.

ஒருவர் ஓய்வு பெறும் நாளில் அவர்தம் அடிப்படை ஊதியம் ரூ. 61,800 என்று கொள்வோம். நூற்றுக்கு மூன்று வீதமான ஆண்டு ஊதிய உயர்வு அவர்க்குக் கடைசி நான்கு மாதங்கட்கு முன்னர்க் கிடைத்தது. அதற்கு முந்திய ஓராண்டு ரூ. 60,000, அதற்கு முந்திய ஆண்டு ரூ. 58,300; அதற்கும் முன் ரூ. 56,600. இவர்க்குப் பழைய முறைப்படி 36 மாதச் சராசரி கண்டால் ஏறத்தாழ ரூ. 58,878 வரும், அதிற் பாதி ரூ. 29,439. பத்து மாதச் சராசரி கண்டால், ஆறு மாதம் ரூ. 60,000உம் நான்கு மாதம் ரூ. 61,800உம் ஆக, சராசரி ரூ. 60,720, அதிற் பாதி ரூ. 30,360. கடைசி மாத ஊதியத்தையே கொண்டாற் பாதி ரூ. 30,900. ஒரே மனிதர், ஒரே உழைப்பு. அளவுகோல் மாறியதால் மாதந்தோறும் ரூ. 1,461 வேறுபடுகின்றது. இதன்மேல் அகவிலைப்படியும் ஏறுமாதலின் வேறுபாடு ஆண்டுக்காண்டு பெருகும்.

நம் தமிழ்நாட்டு அரசின் 1978ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளின்கீழ் வருவோர்க்கு இப்பொழுதுள்ள முறை யாது? கடைசிப் பத்து மாதச் சராசரி, கடைசியாகப் பெற்ற ஊதியம் என்னும் இரண்டனுள் எது நன்மையோ அதனைக் கொள்ளலாம். ஊதியம் ஏறிக்கொண்டே சென்றவர்க்குக் கடைசி ஊதியம் நன்மை. ஏதோ காரணத்தாற் கடைசியில் ஊதியம் இறங்கியவர்க்குச் சராசரியே காவல். அப்பத்து மாதத்துள் தகுதிக்காலத்திற் சேராத ஊதியமில்லா விடுப்பு நேர்ந்திருப்பின், அந்நாட்களைத் தள்ளி, அத்துணை நாட்களைப் பின்னோக்கிச் சேர்த்துக்கொள்வர். விடுப்பினால் சராசரி குலைந்துவிடாது.

ஈண்டு ஊதியம் என்றது அடிப்படை ஊதியத்தையும் அதனோடு ஒத்த சிலவற்றையுமே. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி முதலியன ஓய்வூதியக் கணக்கிற் சேரா. மாதந்தோறும் கையில் வாங்கும் தொகையில் பாதி வரும் என்று எண்ணியிருந்து ஏமாறுவோர் பலர். பாதி என்பது அடிப்படை ஊதியத்திற் பாதியே. ஓய்வூதியத்திற்குரிய அகவிலைப்படி பின்னர்த் தனியே சேரும்.

அப்பாதியும் முழுமையாகக் கிடைத்தற்கு முப்பது ஆண்டுத் தகுதிக்காலம் வேண்டும். காலத்தை அரையாண்டுகளாக எண்ணுவர். முப்பது ஆண்டு என்பது அறுபது அரையாண்டு. முன் கூறிய ரூ. 61,800 பெற்றவர் இருபத்தாறு ஆண்டே பணி செய்திருப்பின், ரூ. 30,900ஐ 52ஆற் பெருக்கி 60ஆல் வகுக்க, ரூ. 26,780 வரும். மூன்று மாதமும் அதற்கு மேலுமாக எஞ்சி நிற்கும் காலத்தை ஓர் அரையாண்டாகக் கொள்வர். ஆகவே பெரியவர் அஞ்சியதுபோல முதல் முப்பத்தோராண்டு வீண்போகவில்லை. நீண்ட உழைப்பு காலத்தின் அளவாற் கணக்கில் நிற்கின்றது. கடைசி மாதங்கள் ஊதியத்தின் அளவால் நிற்கின்றன.

இதனினும் ஆழமான விடை ஒன்றுண்டு. நம் பொருநையாற்றை நோக்குக. கோடைமேலழகியான் முதலாக ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைகள் அவ்வாற்றின் குறுக்கே நிற்கின்றன. கடைசி அணையாகிய ஸ்ரீவைகுண்டத்தில் நின்று நீரை அளப்பவன் அந்த ஓரிடத்தை மட்டுமா அளக்கின்றான்? பாபநாசத்து மழையும், இடைவழிக் கால்களிற் பிரிந்த நீரும், கரையுடைந்து வழிந்த நீரும் யாவும் அக்கடைசி அளவில் அடங்கியுள்ளன. நதியுண்ணியிலோ கன்னடியனிலோ நேர்ந்த குறை கடையணையிற் குறையாகவே வந்து சேரும். கடைசி மாத ஊதியமும் அத்தகையதே. பணியிற் சேர்ந்த நாளில் நிர்ணயித்த ஊதியமும், ஒவ்வோராண்டும் ஏறிய உயர்வும், தேர்வுநிலை சிறப்புநிலைகளும், பதவி உயர்வும், ஊதியக்குழுக்களின் திருத்தங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அக்கடைசி மாதத்தில் நிற்கின்றன. ஆகவே கடைசி மாதத்தை அளப்பது முப்பது ஆண்டையும் அளப்பதேயாகும். ஆனால் ஒன்று: இடையில் நேர்ந்த பிழையும் அவ்வளவோடு கூடவே வரும்.

இவ்விடத்தில் எம் குடும்பச் செய்தி ஒன்றைக் கூற நேர்கின்றது. அவையோர் பொறுக்க.

எம் தந்தையார் இவ்வாற்றங்கரைச் சிற்றூரொன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். நடுவயதில் ஒருமுறை நோயுற்று மூன்று திங்கள் படுக்கையிற் கிடந்தனர். மருத்துவச் சான்றுடன் விடுப்பு விண்ணப்பித்தனர்; விடுப்பை ஏற்று ஆணையும் பிறந்தது. அவ்வாணை பணிப்பதிவேட்டிற் பதியப்படவில்லை. அதனால் அவ்வாண்டு அவர்க்குரிய ஊதிய உயர்வு வழங்கப்பெறாது நின்றது. தந்தையார் அதனைக் கவனித்திலர். கவனித்தும் வாய் திறவாதிருந்தனரோ, அறியேம். ஓய்வு பெறுதற்குச் சில மாதங்கட்கு முன், கருத்துருக்கள் அணியமாகும்பொழுதே குறை வெளிப்பட்டது. இருபது ஆண்டுக்கு முந்திய ஆணையின் நகலைக் கொணர்க என்றனர். பள்ளியில் இல்லை, அலுவலகத்தில் இல்லை, எம் இல்லத்துத் தகரப்பெட்டியிலும் இல்லை. நாள் நெருங்கியது. உள்ளபடியே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டனர்.

யாம் அப்பொழுது பண்டிதப் படிப்பில் இருந்தேம். "மேல்முறையீடு செய்யலாமே, அப்பா?" என்று வினவினேம். தந்தையார் நகைத்து, "போகட்டும். அரசாங்கம் இரங்கிக் கொடுக்கிறது. கொடுப்பதில் குறை காணலாமா? கிடைத்தது போதும்" என்றனர். அவர்தம் மனநிறைவை யாம் குறை கூறேம். அந்நற்குணத்தின் நிழலிலேயே வளர்ந்தேம். ஆயினும் அச்சொல்லினுள் ஒளிந்திருந்தது "உபகாரம்" என்னும் பழைய எண்ணமே என்பதைப் பின்னாளில் உணர்ந்தேம். தம் உழைப்பின் பயனைத் தாமே பிறர் ஈகையென்று எண்ணியதால், கேட்க வேண்டியதைக் கேளாது விட்டனர். தந்தையார் மறைந்த பின் எம் தாயார்க்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. அதுவும் அந்தக் கடைசி ஊதியத்தை வைத்தே அளக்கப்பெற்றது. ஒருநாள் பதிய மறந்த ஒருவரி, தந்தையார் வாழ்நாளைக் கடந்து தாயார் கைக்கும் குறைவாகவே வந்து சேர்கின்றது.

இக்குறை எத்துணைத்து என்று கணக்கிட விரும்புவார்க்கு முன்கூறிய எடுத்துக்காட்டே போதும். ஓர் ஊதிய உயர்வு தவறி, ரூ. 61,800க்கு ஈடாக ரூ. 60,000இல் ஒருவர் ஓய்வு பெறின், ஓய்வூதியத்தில் மாதம் ரூ. 900 குறையும். குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசி ஊதியத்தில் நூற்றுக்கு முப்பது வீதமாதலின், மனைவியார்க்கு ரூ. 18,540 வரவேண்டிய இடத்தில் ரூ. 18,000 வரும். அகவிலைப்படியும் அவ்வளவிற்கே குறையும். பணிக்கொடையும் கடைசி ஊதியத்தை ஒட்டியதே, அதுவும் குறையும். பின்னர் ஊதியக்குழுக்கள் ஓய்வூதியத்தைத் திருத்தும்பொழுது, குறைந்த தொகையே பெருக்கப்படுமாதலின், குறையும் உடன் பெருகும்.

ஒரு நாளின் அருமையைக் காட்டும் வேறொரு செய்தியும் உண்டு. ஆண்டு உயர்வு ஒரு குறித்த நாளிலேயே வழங்கப்படும். மத்திய அரசில் 2006 முதற் பல்லாண்டு சூலை முதல் நாளே அந்நாளாயிருந்தது. சூன் 30இல் ஓய்வு பெறுபவர் ஓராண்டு முழுதும் உழைத்திருந்தும், சூலை முதல் நாளிற் பணியில் இல்லை என்னும் காரணத்தால் அவ்வுயர்வை இழந்தார். சுங்கத்துறையில் அவ்வாறு 2013இல் ஓய்வு பெற்ற ஒரு தமிழர் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். ஓராண்டு உழைத்தமையால் உயர்வு அவர்க்கு உரியதே, ஓய்வூதியக் கணக்கிற்காக அதனைச் சேர்க்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அம்மன்றம் தீர்ப்பளித்தது. கருநாடக மின்துறையார் வழக்கொன்றில் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் உச்சநீதிமன்றமும் இக்கொள்கையையே உறுதி செய்தது. நம் மாநில அரசோ 2014ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாளிட்ட அரசாணையாலேயே இந்நன்மையைத் தன் அலுவலர்க்கு வழங்கிவிட்டது. உயர்வு நாளுக்கு முந்திய நாளில் ஓய்வு பெறுவோர் இதனை நினைவிற் கொள்க. கேட்டவர் ஒருவர், பயன் பெற்றவர் பல்லாயிரவர். கேட்டல் இழிவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தொகுத்துப் பெறுதல் என்னும் வசதியைப் பற்றியும் ஒரு சொல். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒருபங்கை முன்கூட்டியே ஒரு மொத்தத் தொகையாகப் பெறலாம். ரூ. 30,900 பெறுவார் ரூ. 10,300ஐ விட்டுக்கொடுப்பின் ரூ. 20,600 மாதந்தோறும் வரும். அகவிலைப்படி மட்டும் முழு ரூ. 30,900க்கே கணக்கிடப்படும். விட்ட பங்கு பதினைந்து ஆண்டு கழிந்தபின் மீளும். மகள் திருமணத்திற்கும் வீடு கட்டவும் இத்தொகை உதவும் என்பது உண்மை. ஆயினும் பெற்ற மொத்தத் தொகையை ஆறே திங்களிற் செலவிட்டுப் பதினைந்து ஆண்டு குறைந்த ஓய்வூதியத்தில் இடர்ப்படுவோரையும் கண்டிருக்கின்றோம். குடும்பத்தோடு கலந்து முடிவு செய்க.

இதுகாறும் கூறியவை பழைய திட்டத்தார்க்கு. நம் சங்கத்து இளைஞர் பலர்க்கும் எமக்கும் நிலை வேறு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலும் அதன் பின்னரும் பணியேற்றவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டனர். மத்திய அரசில் 2004 சனவரி முதல் நாள் தொடங்கிப் புதிய திட்டம் வந்தது. தமிழ்நாட்டுத் திட்டத்தில் அலுவலர் தம் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்து வீதம் செலுத்த, அரசும் அத்துணையே செலுத்தும். கடைசி ஊதியத்திற்கும் அதற்கும் நேரான தொடர்பில்லை. பழைய திட்டம் வற்றாத ஆற்றுப் பாசனம் போன்றது. இது குளத்துப் பாசனம் போன்றது. குளத்திற் சேர்ந்த நீர் எவ்வளவோ அவ்வளவே வயலுக்கு. முதுமை நீளினும் நீர் நீளும் என்னும் உறுதி இல்லை. 2003இன் பின்னர்ப் பணியேற்ற யாம், பதின்மூன்று ஆண்டு மூத்த எம் உடனாசிரியரோடு ஒரே வகுப்பறை வரிசையிற் கற்பித்தும், முதுமையில் வேறு அளவையால் அளக்கப்படும் நிலையில் இருந்தேம். 1979இல் கிழித்த கோட்டை நகாரா வழக்கு அழித்தது. 2003இல் கிழித்த கோடோ நெடுங்காலம் நின்றது.

இக்குறையை நீக்க அலுவலர் சங்கங்கள் பல்லாண்டு போராடின. அதன் விளைவாக அளவுகோல் மீண்டும் கடைசி ஊதியத்தின் பக்கம் திரும்பி வருவதைக் காண்கின்றோம். மத்திய அரசு 2024 ஆகத்து 24இல் ஒப்புதல் அளித்து, 2025 ஏப்ரல் முதல் நாள் தொட்டு நடைமுறைக்குக் கொணர்ந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், இருபத்தைந்து ஆண்டு பணி செய்தவர்க்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படை ஊதியச் சராசரியிற் பாதி உறுதி செய்யப்பெற்றது. நம் மாநில அரசும் 2026 சனவரியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. அலுவலர் பத்து வீதம் செலுத்தும் முறை தொடர, கடைசி ஊதியத்திற் பாதி ஓய்வூதியமாகும் என்பது அவ்வறிவிப்பின் சாரம். இத்திட்டங்களில் விருப்பம் தெரிவிக்க வேண்டியவர் செவிவழிச் செய்தியை நம்பாது, அரசாணைகளைத் தாமே படித்து, தம் பணிக்காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.

ஆலைகளிலும் தனியார் நிறுவனங்களிலும் உழைப்போரும் நம் சங்கத்தில் உளர். அவர்க்குரிய 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், 2014 செப்டம்பருக்கு முன்னர்க் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரியைக் கொண்டனர். அதன்பின் கடைசி அறுபது மாதச் சராசரி என்று மாற்றினர். ஐந்தாண்டு பின்னோக்கிச் சென்றால் சராசரி தாழும் என்பதை முன்னரே கண்டோமன்றோ? அரசு அலுவலர்க்கு அளவுகோல் குறுகிக் குறுகி நன்மையாக, ஆலைத் தொழிலாளிக்கு அது நீண்டது. நம் வீட்டிலேயே அண்ணன் ஒரு கோலாலும் தம்பி ஒரு கோலாலும் அளக்கப்படுகின்றனர். இதனை அறிந்து, அவ்விளைஞர் தனியே சேமித்தற்கு மூத்தோர் வழிகாட்டுக.

இனிச் செய்ய வேண்டுவனவற்றைச் சுருங்கக் கூறி முடிப்பேம்.

பணியில் இருப்போர் ஆண்டுக்கு ஒருமுறை தம் பணிப்பதிவேட்டைக் கேட்டுப் பார்த்துக் கையொப்பமிடுக. விடுப்பு, ஊதிய உயர்வு, தேர்வுநிலை, பதவி உயர்வு ஆகிய ஒவ்வோர் ஆணையின் நகலையும் வீட்டில் ஓர் உறையிற் போற்றி வைக்க. தகுதிக்காலத்திற் சேராதவை எவையென்று ஓய்வுக்குச் சில ஆண்டு முன்னரே தெளிக. வாரிசு நியமனத்தில் மனைவி மக்கள் பெயர், பிறந்தநாள் பிழையின்றி உளவா என்று நோக்குக. ஆதார் அட்டையில் ஒரு பெயரும் பதிவேட்டில் ஒரு பெயருமாக இருந்து, கைம்பெண்கள் கருவூல வாயிலில் மாதக்கணக்கிற் காத்திருத்தல் கூடாது.

தாய்மார்களுக்குத் தனியே ஒன்று கூறுவேம். கணவர்தம் ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்று ஆகியவற்றை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றைக் கேட்டறிதல் அமங்கலமன்று. எம் தாயார் கேட்டறிந்திலர். அதனாற் பட்ட துன்பத்தை யாம் அறிவேம்.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். நம்மவருள் கருவூலத்திலும் கணக்குத் துறையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோர் சிலர் உளர். அவர்கள் திங்களுக்கு ஒரு ஞாயிறு இம்மண்டபத்தில் அமர்ந்து, ஓய்வை அணுகும் உறுப்பினரின் பணிப்பதிவேட்டு நகல்களைப் பார்த்துப் பிழை காட்டுவரேல், அது கோடிப் பொன் நன்கொடையினும் பெரிதாகும். எம் தந்தையார்க்கு அத்தகைய ஒருவர் இருந்திருப்பின், அந்த ஒருவரி உரிய காலத்திற் பதிவேட்டில் ஏறியிருக்கும்.

வினா விடுத்த பெரியவர் இவ்வவையில் முன்வரிசையில் வீற்றிருக்கின்றார். ஐயா, கடைசிப் பத்து மாதம் தங்கள் முப்பத்திரண்டு ஆண்டை மறக்கவில்லை. அவற்றைச் சுமந்தே வந்து நிற்கின்றது. அதனை அளப்பவர் சரியாக அளந்தனரா என்று பாருங்கள். குறையிருப்பின் கூசாது கேளுங்கள். தாங்கள் பெறுவது உபகாரமன்று, ஊதியம்.

நம் குடும்பங்கள் வற்றாத பொருநைபோல் வளம்பெற்று வாழ்க!